ஆரல்வாய்மொழிப் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் வெட்டுக்கிளி: தேடி, அடையாளம் கண்டு, எழுதி வைப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதி ரப்பர், தென்னை, வாழை என்று வருஷம் முழுக்கப் பச்சையாகக் கிடக்கும். கிழக்கே தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கினால் நிலம் ஆளே மாறிவிடும். காற்றாலைகள், பனை, உடைமரம், இடையிடையே ஊசிப்புல்லும் ஆவாரையும். மலை மறைவு என்பதால் மழை குறைவு, காற்று அதிகம். காகிதத்தில் பெரும்பாலும் ‘தரிசு’ என்று எழுதப்படும் இந்த மாதிரி நிலத்தை, அதாவது புல்தரையும் தள்ளித்தள்ளி நிற்கும் மரங்களுமான நிலத்தை, சூழலியல் படித்தவர்கள் சவானா என்பார்கள். ஆப்பிரிக்கச் சவானாவின் பரப்பு நமக்கு இல்லைதான். ஆனால் பூச்சிகளுக்கு அத்தனை பரப்பு தேவையும் இல்லை. ஆப்பிரிக்காவில் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடந்து கண்ணை ஏமாற்றும் சைமட்டோமெரா என்றொரு வெட்டுக்கிளிப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) உண்டு. அதற்குப் பங்காளி முறையான சாத்ரோஃபில்லியா நம் நாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலி ஓர மரங்களில்கூடப் பலர் அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். படம் எடுக்காதவர்கள் அதன் பக்கத்தில் கை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இங்கே சொல்லப்போவது இந்த வகை நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளைப் பற்றி. இணையத்தில் தேடுவதானால் ‘கேட்டிடிட்’ என்று தேட வேண்டும். டெட்டிகோனிடே என்ற இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க 8,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு அறிவியல் பெயர் வைத்தாயிற்று. பெயர் வைக்காதவையும் நிறைய இருக்கின்றன. பட்டம் பெற்றவர்கள்தான் இதில் இறங்க வேண்டும் என்றில்லை. பொறுமையும் ஒரு ஸ்கேலும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது நிறத்தை. இந்தப் பூச்சிகள் ஆளை ஏமாற்றுவதும் நிறத்தை வைத்துத்தான். ஒரே இனத்தில் பச்சையும் இருக்கும், காய்ந்த புல்லின் பழுப்பும் இருக்கும். அபூர்வமாக இளஞ்சிவப்புகூட வரும். செத்த பிறகு பச்சை வெளிறி வைக்கோல் நிறமாகிவிடும். ஆகவே நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கால், காது, சிறகு நரம்பு, வால் முனை, பாட்டு: வேஷம் போட முடியாத இடங்கள் இவைதான். அடையாளம் இருப்பதும் அங்கேதான்.

முதலில்: இது அந்தக் குடும்பம்தானா?

உணர்கொம்பைப் பாருங்கள். நீளக்கொம்பனுக்கு அது நூலாக, பெரும்பாலும் உடம்பை விட நீளமாக இருக்கும். வயலில் பகலில் குதிக்கும் சாதாரண வெட்டுக்கிளிக்குக் கொம்பு குட்டை, தடிப்பு. அக்ரிடா என்ற கூம்புத்தலைக் குட்டைக்கொம்பன்தான் எல்லாரையும் குழப்பும். புல்லுக்குள் அச்சு அசலாகப் புல்லாகவே நிற்கும். தலையும் கூராக இருக்கும். ஆனால் அதன் கொம்பு பட்டையாக, வாள் வடிவில் இருக்கும். அதைப் பார்த்ததும் விட்டுவிடலாம்.

சந்தேகம் தீரவில்லையா? முன்காலின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்ன முட்டை வடிவக் குழியோ கீறலோ தெரிந்தால் அதுதான் காது. குட்டைக்கொம்பர்களுக்குக் காது வயிற்றின் முதல் கணுவில், சிறகுக்கு அடியில் இருக்கும்.

சில்வண்டுகளுக்கும் (ஆங்கிலத்தில் கிரிக்கெட்) நீளக்கொம்பு உண்டு, காதும் முன்காலில்தான். அங்கே பாதத்தை எண்ணுங்கள். நீளக்கொம்பு வெட்டுக்கிளியின் பாதத்தில் நான்கு கணுக்கள், சில்வண்டுக்கு மூன்று. பெண்ணாக இருந்தால் இன்னும் சுலபம். சில்வண்டின் முட்டையிடு உறுப்பு ஊசியாக இருக்கும். நம்முடையது தட்டையாக, வாளாகவோ அரிவாளாகவோ இருக்கும்.

எப்போது, எங்கே தேடுவது

மழை பெய்து, புல் துளிர்த்து, குஞ்சுகள் தோலுரித்து வளர்ந்து முடிக்கச் சில வாரங்கள் ஆகும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பொய்கை அணைப் பக்கமெல்லாம் வடகிழக்குப் பருவமழை முடியும் கார்த்திகை, மார்கழி, தை நல்ல காலம். ஆனி, ஆடியில் அங்கே போய் ஒலிப்பதிவு செய்ய முயலாதீர்கள். காற்றின் இரைச்சல் மட்டும்தான் பதிவாகும். அந்த மாதங்களில் தேட வேண்டுமென்றால் மருந்துவாழ் மலையின் காற்று படாத சரிவுகளுக்கோ, கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தோப்புகளுக்கோ போகலாம். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் இலை வேஷக்காரர்கள். புல் வேஷமும் பட்டை வேஷமும் கிழக்கே அதிகம்.

இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். பகலில் அசையாமல் கிடப்பதுதான் இவற்றின் தொழில். இரவில்தான் மேயும், பாடும், நடக்கும். தலையில் கட்டும் டார்ச் கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால், பூச்சியின் கண் மினுங்குவதும் நீண்ட கொம்பு அசைவதும் தெரியும். ரப்பர் தோட்டத்தில் விடியலுக்கு முன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த மரத்தில் எது உட்காரும் என்று புத்தகம் படித்தவர்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இலை வேஷம் போடுபவற்றில் பல விளக்குக்கு வரும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் தெருவிளக்கடிச் சுவர்களையும் பெட்ரோல் பங்க் கூரையையும் பார்த்து வையுங்கள். புல் நிலத்தில் வேறு உத்தி: ஒரு பழைய வெள்ளை வேட்டியைப் புதருக்கு அடியில் விரித்து, கிளையைக் கம்பால் தட்டுங்கள். இலையில் கிடந்தபோது தெரியாதது வெள்ளைத் துணியில் தெரியும். அது குதிப்பதற்குள் கண்ணாடி டப்பாவைக் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கல் மண்டபங்களிலும் ஒரு வேலை இருக்கிறது. மெகாடெர்மா வகைப் பெருங்காது வௌவால்கள் நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளைப் பிடித்து, தொங்கும் இடத்துக்குக் கொண்டு வந்து, உடம்பைத் தின்றுவிட்டுச் சிறகையும் காலையும் கீழே போடும். அந்த இடத்தில் கிடக்கும் சிறகுகளைப் பார்த்தாலே அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன பறக்கின்றன என்று ஓரளவு தெரியும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், வௌவாலைக் கலைக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: கிழக்குப் புதர்க்காட்டில் சுருட்டை விரியன் உண்டு, அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பூட்ஸ் வேண்டும். மாவட்டத்தின் மலைக்காடுகள் 2008-இல் இருந்து கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் பூச்சி பிடிப்பதும் குற்றம். தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ராத்திரி டார்ச்சோடு தோப்புக்குள் சுற்றுகிறவனைப் பார்த்தால் தேங்காய் திருட வந்தவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தொடும் முன் செய்ய வேண்டியது

கண்டவுடன் கை நீட்டாதீர்கள். பூச்சி இருக்கும் நிலையே ஒரு தகவல். பிடித்த பிறகு அது திரும்பக் கிடைக்காது. எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலை எந்தப் பக்கம், கால்களை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். பட்டை வேஷக்காரன் முன்கால்களையும் கொம்புகளையும் ஒன்றாக ஒட்டி நேரே முன்னால் நீட்டிவிடும், உடம்பைப் பட்டையோடு அழுத்திவிடும், நிழலே விழாது. புல் வேஷக்காரன் நாம் நெருங்கினால் பறக்காது, தண்டின் மறுபக்கத்துக்கு நழுவும். நீங்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். கூம்புத்தலை நீளக்கொம்பர்களில் சில தலைகீழாகப் புல் அடிக்குள் பாய்ந்து அப்படியே விறைத்து நிற்கும். இந்த நடத்தையே பாதி அடையாளம்.

இருக்கும் இடத்திலேயே இரண்டு படம்: சூழலோடு தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று. போனில் இடக்குறியீடு பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தசம ஆயத்தொலைவில் நான்கு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். புல் நிலத்துக்கு அது போதும்.

எந்தக் கூட்டம்?

இனத்தை உடனே சொல்ல ஆசைப்படுவோம். சொல்ல முடியாது. முதலில் துணைக்குடும்பம், அப்புறம் பேரினம், கடைசியில்தான் இனம். நம் பக்கம் அடிக்கடி கையில் கிடைக்கும் கூட்டங்கள் நாலைந்துதான்.

இலையைப் போலவே அகலமான பச்சைச் சிறகு, மடக்கி வைத்த பின்சிறகின் நுனி பல சமயம் முன்சிறகைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், ஒல்லிக் கால்: இது ஃபனெராப்டெரினே. உறுதி செய்ய, பாதத்தின் முதல் இரண்டு கணுக்களின் பக்கவாட்டைப் பாருங்கள். மற்ற கூட்டங்களில் காணும் நீளப் பள்ளம் இதில் இருக்காது. பெண்ணின் முட்டையிடு உறுப்பு குட்டையாக, மேல்நோக்கி வளைந்து, நுனியில் நுண்ணிய பற்களோடு இருக்கும். இலை ஓரத்தைக் கீறியும் பட்டைக்குள் செருகியும் முட்டை வைக்க வேண்டும், அதற்கான கருவி அது. டிரைகோனோகோரிஃபா, டுசீஷியா, லெட்டானா போன்ற பேரினங்கள் இங்கேதான் வரும்.

நெற்றி கூம்பாக முன்னே நீண்டு, உடம்பு குச்சியாக இருந்தால் கோனோசெஃபாலினே. இதில் யூகோனோசெஃபாலஸ் பெரியது. ராத்திரி புல்வெளியிலும் மரத்திலும் ‘ரீ...’ என்று நிறுத்தாமல் இரைவது பெரும்பாலும் இதுதான். கோனோசெஃபாலஸ் சின்னது, பகலிலும் புல்லில் திரியும். இந்தக் கூட்டத்துப் பெண்களின் முட்டையிடு உறுப்பு பெரும்பாலும் நீண்ட நேர்வாள். புல்லின் இலையுறைக்குள் செருகித்தான் முட்டையிடும். பெரியவற்றின் கடி வலிக்கும். பிடிக்கும்போது வாய்ப்பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள்.

முன்காலிலும் நடுக்காலிலும் நீண்ட முட்கள் வரிசையாக இருந்தால் அது மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. ஹெக்சாசென்ட்ரஸ் அப்படிப்பட்டது. பச்சை உடம்பில் முன்மார்புக் கவசத்தின் (தலைக்குப் பின்னால் முதுகை மூடும் தகடு) மேல் ஒரு பழுப்புப் பட்டை ஓடும். வேறு வெட்டுக்கிளியோடு ஒரே டப்பாவில் போட்டால் காலையில் ஒன்றுதான் மிச்சம் இருக்கும்.

மெக்கோபோடா பெரிது, தொடை நீளம், காய்ந்த இலை நிறத்திலும் பச்சையிலும் வரும். இதைப் பற்றிப் பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

அப்புறம் சூடோஃபில்லினே. சாத்ரோஃபில்லியா இந்தக் கூட்டம். கொம்பு முளைக்கும் குழியின் விளிம்பு நன்றாகத் தூக்கி நிற்பது இதன் அடையாளம். முகத்தை நேருக்கு நேர் படம் எடுத்தால்தான் அது தெரியும். பலர் மேலிருந்து மட்டும் படம் எடுத்துவிட்டுப் பிறகு தவிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: குஞ்சை வைத்து இனம் சொல்ல முயலாதீர்கள். சிறகு இல்லாததும், முதுகில் குட்டிச் சிறகு மொட்டு மட்டும் உள்ளதும் பெரும்பாலும் குஞ்சு. சில இனங்களின் முதல் பருவக் குஞ்சுகள் எறும்பு வேஷத்தில் திரியும். அதற்கும் தாய்க்கும் சம்பந்தமே இருக்காது. முடிந்தால் கண்ணாடி ஜாடியில் அந்தச் செடியின் இலையோடு வைத்து வளர்த்துப் பெரிதாக்குங்கள். தோலுரிக்கத் தலைகீழாகத் தொங்க இடம் வேண்டும், ஜாடிக்குள் ஒரு சுள்ளி வையுங்கள்.

கையில் பிடித்து அளப்பது

பின்காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. காலைக் கழற்றி விட்டுவிட்டு ஓடிவிடும். கழன்ற கால் முளைக்காது. முன்மார்புக் கவசத்தின் இரு பக்கமும் விரல்களால் மெல்லப் பிடியுங்கள். துள்ளிக்கொண்டே இருந்தால் மூடிய டப்பாவோடு ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும். வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள்.

எடுக்க வேண்டிய படங்கள்: பக்கவாட்டில், மேலிருந்து, முகம் நேராக, அடிப்பக்கம், முன்காலில் காது இருக்கும் இடம், பின்தொடையின் அடிவிளிம்பில் முட்கள், பாதம், வால் முனை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும். இதில் வால் முனையை யாரும் எடுப்பதில்லை. ஆணின் வால் முனையில் செர்சை என்ற இரண்டு கொக்கிகள் இருக்கும். இனச்சேர்க்கையில் பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் உறுப்பு அது. வளைந்திருக்கிறதா, நுனியில் பல் இருக்கிறதா, இரண்டாகப் பிரிகிறதா என்பது இனத்துக்கு இனம் மாறும். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிறவிகளான இரண்டு இனங்களை இந்தக் கொக்கியை வைத்துப் பிரித்தவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு கிட்டப் படம்தான் எடுக்க முடியும் என்றால் இதையே எடுங்கள்.

அளவுகள் மில்லிமீட்டரில். உடல் நீளம் நெற்றி நுனியிலிருந்து வயிற்றின் முனை வரை. முட்டையிடு உறுப்பைச் சேர்க்கக் கூடாது. ஆனால் உடல் நீளத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முட்டை நிறைந்த வயிறு நீளும், காய்ந்தால் சுருங்கும். முன்மார்புக் கவசத்தின் நடுக்கோட்டு நீளம், முன்சிறகு நீளம், பின்தொடை நீளம், பெண் என்றால் முட்டையிடு உறுப்பின் நீளம், இவை மாறாதவை. பூச்சிக்கு அருகில் ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கும்போது ஸ்கேலும் பூச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கீழே கிடக்கும் ஸ்கேலும் மேலே நிற்கும் பூச்சியும் சேர்ந்தால் கணக்கு தப்பும்.

பாட்டைப் பதிவு செய்வது

பாடுவது பெரும்பாலும் ஆண். இடது முன்சிறகின் அடிப்பக்கத்தில் ஒரு தடித்த நரம்பில் சீப்புப் பல் போல நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கும். வலது சிறகின் விளிம்பு அதன்மேல் உரசும்போது ஒலி எழும். நீளக்கொம்பு வெட்டுக்கிளியில் இடது சிறகுதான் மேலே இருக்கும். சில்வண்டில் வழக்கமாக வலது மேலே. அதனால் ஆணின் இடது முன்சிறகு விலை மதிப்பில்லாதது. பற்களின் எண்ணிக்கையும் அந்த வரிசையின் நீளமும் வளைவும் விவரிப்பில் கட்டாயம் வரும். நுண்நோக்கி இருக்கும் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கேட்டுப் பார்க்கலாம்.

பாட்டு ஏன் இவ்வளவு முக்கியம்? தென்னிந்திய மெக்கோபோடாவை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டது. உருவத்தில் பிரித்துச் சொல்ல முடியாத ஆண்கள் ஐந்து வகையாகப் பாடின. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஐந்து. படம் மட்டும் எடுத்து வந்தவருக்கு இது ஒருபோதும் தெரிந்திருக்காது.

போனே போதும், ஆனால் சில ஏற்பாடுகள் வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவு உதவாது, ஒலியைச் சுருக்கிவிடும். பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி உள்ள செயலிகள் இன்னும் மோசம், பூச்சியின் குரலைத்தான் அவை இரைச்சல் என்று நினைத்து நீக்கும். வேவ் கோப்பாகச் சேமிக்கும் பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். அரை மீட்டர் தூரத்தில் போனை அசையாமல் பிடித்து, குறைந்தது ஓரிரு நிமிடம் பதிவு செய்யுங்கள். முடிவில் உங்கள் குரலிலேயே தேதி, நேரம், இடம், வெப்பநிலை சொல்லிவிடுங்கள். வெப்பநிலை அவசியம்: பூச்சி குளிர்ரத்தப் பிராணி, சூடு ஏறினால் பாட்டு வேகமாகும். மார்கழிப் பதிவையும் சித்திரைப் பதிவையும் வெப்பநிலை இல்லாமல் ஒப்பிட்டால், ஒரே இனம் இரண்டாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, நிறமாலைப் படமாக (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலி எவ்வளவு பலம் என்று காட்டும் படம்) மாற்றிப் பாருங்கள். எத்தனை துடிப்பு ஒரு தொகுதி, தொகுதிக்கிடையே எவ்வளவு இடைவெளி, ஒலியின் பலம் எந்த கிலோஹெர்ட்சில் கூடுதல் என்று குறிக்கலாம். சாதாரணப் போன் 22 அல்லது 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் அதற்கு மேலும் பாடும். படத்தின் மேல்விளிம்பில் ஒலி வெட்டுப்பட்டதாகத் தெரிந்தால் மீயொலி மைக் உள்ளவரிடம் போக வேண்டும். இன்னொன்று, வயது ஏற ஏற உயர்ந்த ஒலி காதில் விழாது. நாற்பது தாண்டியவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போங்கள். ‘ஒண்ணும் கேக்கலியே’ என்று நாம் நிற்கும்போது அவர்கள் புதரைச் சுட்டிக் காட்டுவார்கள்.

விவரித்து எழுதுவது

நல்ல விவரிப்பு என்றால், பூச்சியைப் பார்க்காத ஒருவர் அதைப் படித்துவிட்டு இன்னொரு பூச்சியைக் கையில் வைத்து ‘இது அதுதான்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடிய வேண்டும். ‘அழகான பழுப்பு வெட்டுக்கிளி, மரத்தோடு ஒட்டியிருந்தது’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பட்டை வேஷ வெட்டுக்கிளி ஒன்றுக்குக் களக்குறிப்பை இப்படித் தொடங்கலாம்:

‘ஆண். உடைமரக் கிளையின் கீழ்ப்பக்கம், தோள் உயரம், தலை கிளை நுனியை நோக்கி. முன்கால்களும் உணர்கொம்புகளும் ஒட்டி முன்னே நீட்டியபடி. முன்மார்புக் கவசத்தின் மேற்பரப்பு சொரசொரப்பு, சிறு புடைப்புகள், பின்விளிம்பு வட்டம். முன்சிறகு வயிற்று முனையைத் தாண்டும்; சாம்பலும் பழுப்பும் கலந்த திட்டுகள்; விளிம்பு லேசாக அலை அலையாக. பின்தொடை பக்கவாட்டில் தட்டை, அடிவிளிம்பில் மடல்கள். செர்சை குட்டை, உள்நோக்கி வளைவு, நுனி ஒற்றைப் பல்.’

வரிசையைக் கவனியுங்கள்: இருக்குமிடம், நிலை, தலை, முன்மார்பு, சிறகு, கால், வயிறு, வால் முனை. எந்தப் பூச்சியானாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். அப்போதுதான் இரண்டு குறிப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். நிறம் கடைசியில் தனி வரியாக, ‘உயிருடன் இருந்தபோது’ என்ற முன்குறிப்போடு வரட்டும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘பறவைகளிடமிருந்து தப்பிக்க’ போன்ற காரணங்கள் குறிப்பில் வேண்டாம். ஒரே ஒரு பூச்சியை வைத்து எழுதாமல், ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றை அளந்து, சிறியதிலிருந்து பெரியது வரை அளவு வீச்சைக் கொடுத்தால் குறிப்பின் மதிப்பு கூடும்.

புதிய இனமா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆர்த்தோப்டெரா ஸ்பீசிஸ் ஃபைல் என்ற இணையத் தளத்தில் ஒவ்வொரு பேரினத்தின் கீழும் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள், அவை கிடைத்த நாடுகள், பலவற்றுக்குப் படங்களும் உண்டு. முதலில் அங்கே ஒப்பிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்களைப் போட்டால் இந்தக் குடும்பம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். தளமே பரிந்துரைக்கும் தானியங்கிப் பெயரை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது படத்தின் பொதுச் சாயலைப் பார்த்துச் சொல்வது. நிறத்தில் ஏமாறும் நம் கண்ணைவிடப் பெரிதாக ஒன்றும் மேலில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் 1914-இல் வந்த கிர்பியின் தொகுதி குட்டைக்கொம்பு வெட்டுக்கிளிகளை மட்டும்தான் தொட்டது. நீளக்கொம்பர்களுக்கு புரூனர் ஃபான் வாட்டன்வில் 1878-இலும் 1895-இலும் வெளியிட்ட பெரும் நூல்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விவரிப்புகள் லத்தீனில் இருக்கும், மாதிரிப் பூச்சிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில். ஆகவே ‘எங்கும் காணோம், புதுசுதான்’ என்று அவசரப்படாமல், ஒரு வகைப்பாட்டியலாளரோடு (உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் ஆய்வாளர்) சேர்ந்து போவதுதான் வழி.

அவர் கேட்கப்போவது மாதிரிப் பூச்சி. படத்தை மட்டும் வைத்து ஓர் இனத்தை முறையாக நிலைநாட்டுவது கடினம். விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி 1999-க்குப் பிறகு வரும் ஒவ்வொரு புதிய இனத்துக்கும் பெயர் தாங்கும் மாதிரியை (அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் பூச்சியை) கட்டுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அந்த மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்தால் எந்த நிறுவனத்தில் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரை மின்வடிவில் மட்டும் வருகிறது என்றால், 2012 முதல், அதை விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இன்னொரு கடமையும் சேர்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புதிய இனம் கண்டவர் அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே கொடுக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் கணக்கெடுப்பு நிறுவனம் அத்தகைய காப்பகம். தலைமையகம் கொல்கத்தா, நமக்குக் கிட்ட என்றால் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் மண்டல மையங்கள்.

பெயர் வைப்பதில் சுதந்திரம் உண்டு. ஊர்ப் பெயரோடு ‘என்சிஸ்’ சேர்ப்பது பழைய பழக்கம். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் அப்படிச் செய்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

தொடக்கத்திலேயே பூச்சியைக் கொன்று சேகரிக்க வேண்டியதில்லை. படமும் பாட்டும் இடக்குறிப்பும் சேர்த்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வகைப்பாட்டியலாளர் கேட்டு, அனுமதியும் இருந்தால் மட்டும் மாதிரி. அப்போது ஒரு காலை 95 சதவீத எத்தனாலில் தனியாகப் போட்டால் மரபணு ஆய்வுக்கு ஆகும். மீதி உடம்பைக் காய வைக்கும்போது குண்டூசியை முன்மார்புக் கவசத்தின் பின்பகுதியில், நடுக்கோட்டுக்கு வலப்பக்கமாகக் குத்துங்கள். இடது சிறகைப் பிறகு விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பெரிய பூச்சி என்றால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டுப் பஞ்சு வைப்பார்கள். நிழலில், காற்றோட்டத்தில், எறும்பு ஏறாமல் காய வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி அன்றைக்கே மாட்டுங்கள்: மாநிலம், மாவட்டம், ஊர், இடக்குறியீடு, உயரம், தேதி, செடி, பிடித்தவர், ஒலிப்பதிவு எண். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.